ஜனவரிக்குப் பக்கத்தில் அக்டோபர்: பருவகால மாறிகள் பிசகிய ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு தாவர இனம் உலகில் எங்கெல்லாம் வளரக்கூடும் என்று கணிக்கும் மாதிரிக்காகக் காலநிலை அடுக்குகள் தேவைப்பட்டன. மழை, குறைந்தபட்ச வெப்பநிலை, அதிகபட்ச வெப்பநிலை என மூன்று மாறிகள். ஒவ்வொன்றுக்கும் மாதத்துக்கு ஒன்றாக 12 ராஸ்டர்கள், அதாவது உலகைச் சிறு கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் ஒரு மதிப்பை வைக்கும் கோப்புகள். ஆக 36 கோப்புகள். இவற்றிலிருந்து பருவகால மாறிகளை நிரல் எழுதிக் கணக்கிட வேண்டும். அரை நாளில் வேலை முடிந்தது. வரைபடங்கள் பார்க்க நன்றாகவே இருந்தன, நான் வைத்த சரிபார்ப்பிலும் தேறின. ஆனால் கணக்கிட்ட 19 மாறிகளில் 8 தவறாக இருந்தன. எப்படித் தவறின, ஏன் இவ்வளவு நாள் கண்ணில் படவில்லை என்பதை விரிவாக எழுதி வைக்கிறேன். இதே வேலையைச் செய்பவர்கள் இதே இடத்தில் வழுக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது.

தரவு, வேர்ல்ட்கிளைம் 2.1 என்ற உலகளாவிய காலநிலைத் தொகுப்பு. 1970 முதல் 2000 வரையிலான காலத்தின் மாதச் சராசரிகள் இதில் உள்ளன. நான் எடுத்துக்கொண்டது 10 நிமிடத் துல்லியம், அதாவது கட்டத்தின் பக்கம் ஒரு பாகையில் ஆறில் ஒன்று. நிலநடுக்கோட்டில் ஒரு கட்டத்தின் பக்கம் ஏறத்தாழ 18.5 கி.மீ. வரும், உலகம் முழுவதும் 2160 நெடுவரிசை, 1080 கிடைவரிசை. கணக்கிட வேண்டியவை பயோகிளைம் மாறிகள். 1984-ல் ஆஸ்திரேலியாவில் ஹென்றி நிக்ஸும் உடன் பணியாற்றியவர்களும் உருவாக்கிய பயோகிளைம் மென்பொருளிலிருந்து வளர்ந்து வந்த பட்டியல் இது. ஆண்டுச் சராசரி வெப்பநிலை, ஆண்டு மழை போன்ற எளிய மாறிகளும் உண்டு. அதிக மழைக் காலாண்டின் வெப்பநிலை, குளிரான காலாண்டின் மழை போன்ற கலப்பு மாறிகளும் உண்டு. இங்கே காலாண்டு என்பது நாட்காட்டிக் காலாண்டு இல்லை. அடுத்தடுத்து வரும் எந்த மூன்று மாதமும் காலாண்டுதான். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி சேர்ந்ததும் ஒன்று. ஆகவே மொத்தம் 12 காலாண்டுகள். அவற்றில் எது அதிக மழை, எது அதிகக் குளிர் என்பதை ஒவ்வொரு கட்டமும் தனக்குத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளும்.

இந்த மாறிகளை எனக்குப் பிடிப்பதற்குக் காரணமே இதுதான். 'ஜூன் முதல் ஆகஸ்ட் வரை' என்று பருவத்தை நாமே வகுத்தால், வட அரைக்கோளத்துக்கு அது கோடை, தென் அரைக்கோளத்துக்குக் குளிர்காலம். பயோகிளைம் முறையில் ஒவ்வொரு இடமும் தன் கோடையைத் தானே சொல்கிறது. உலகளாவிய மாதிரிக்கு இது பெரிய வசதி.

ஆர் என்ற நிரல் மொழியில் இந்தக் கணக்குக்கு டிஸ்மோ தொகுப்பில் பயோவார்ஸ் என்ற ஆயத்தச் செயற்கூறு இருக்கிறது. ராஸ்டர்களைக் கையாளும் டெர்ரா தொகுப்பின் வழியில் செய்பவர்களுக்குப் பிரெடிக்ட்ஸ் தொகுப்பில் ஒன்று இருக்கிறது. காலாண்டின் நீளத்தைப் பிற்பாடு மாற்றிப் பார்க்க வேண்டியிருந்ததால் நானே எழுதினேன். 12 அடுக்குகளின் முடிவில் முதல் இரண்டு அடுக்குகளை மறுபடி ஒட்டி, மூன்று மூன்றாகக் கூட்டினால் 12 காலாண்டுத் தொகைகள் கிடைக்கும். அவற்றில் பெரியது எது, சிறியது எது என்று பார்த்து, அந்த எண்ணைக் கொண்டு வெப்பநிலைக் காலாண்டுகளிலிருந்து உரியதை எடுக்க வேண்டும். அவ்வளவுதான் நிரல். இதில் பிழை இல்லை. இன்றுவரை அதே வரிகள்தான் ஓடுகின்றன.

சரிபார்ப்புக்கு என்ன செய்தேன் என்றால், வேர்ல்ட்கிளைம் தானே வெளியிட்டுள்ள பயோகிளைம் அடுக்குகளில் இரண்டை எடுத்து என் முடிவிலிருந்து கழித்துப் பார்த்தேன். ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஒன்று, ஆண்டு மழை இன்னொன்று. இரண்டிலும் வித்தியாசம் தசமத்தின் கடைசி இலக்கங்களில் மட்டும்தான். வெப்பநிலையின் திட்ட விலக்கத்தையும் பார்த்தேன், அதுவும் பொருந்தியது. சரி, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று முடிவு கட்டி அடுக்குகளை மாதிரிக்குக் கொடுத்தேன்.

சந்தேகம் வந்தது வேறொரு வேலையின்போது. குளிரான காலாண்டின் வெப்பநிலை அடுக்கில், கண்டத்தின் உட்பகுதியில் இருக்கும் ஒரு கட்டத்தின் மதிப்பு நான் எதிர்பார்த்ததைவிடத் தாராளமாக இருந்தது. அங்கே குளிர்காலம் கடுமையானது என்று தெரியும். அந்த ஒரு கட்டத்தின் 12 மாத வெப்பநிலைகளை எடுத்துத் தாளில் எழுதிக் கையாலேயே கணக்கிட்டேன். எளிமைக்காக எண்களை முழுமையாக்கிச் சொல்கிறேன்: டிசம்பர் -17, ஜனவரி -20, பிப்ரவரி -17, மார்ச் -9. குளிரான மூன்று மாதங்களின் சராசரி -18 வர வேண்டும். நிரல் சொன்னது -14.3. அது டிசம்பர், பிப்ரவரி, மார்ச் மூன்றின் சராசரி. ஜனவரியைக் காணோம்.

அடுக்குகளின் பெயர்களை அச்சிட்டுப் பார்த்தபோது காரணம் ஒரே வரியில் தெரிந்தது: 1, 10, 11, 12, 2, 3, 4, 5, 6, 7, 8, 9.

வேர்ல்ட்கிளைம் 2.1 தன் கோப்புகளுக்கு 01, 02 என்று பூச்சியம் சேர்த்தே பெயரிடுகிறது. நான் நிலப்பகுதியை மட்டும் வெட்டி மறுபடி சேமித்தபோது மாத எண்ணை அப்படியே ஒட்டிவிட்டேன், பூச்சியம் போய்விட்டது. கோப்புகளைப் பட்டியலிடும் கட்டளை பெயர்களை எழுத்தாக வரிசைப்படுத்தும், எண்ணாக அல்ல. எழுத்து வரிசையில் 10 என்பது 2-க்கு முன்னால் வரும். பைத்தானில் இன்னும் ஒரு படி மேலே: குளோப் கட்டளை எந்த வரிசைக்கும் உத்தரவாதம் தராது, வரிசைப்படுத்தச் சொன்னால் இதே எழுத்து வரிசைதான்.

கோப்புப் பெயர் சிக்கல் பழைய கதை, பலருக்கும் தெரிந்தது. இந்தப் பிழை எங்கே ஒளிந்துகொண்டது என்பதுதான் என்னை உண்மையில் உலுக்கியது. 19 மாறிகளில் 11 மாறிகளுக்கு மாத வரிசை தேவையே இல்லை. ஆண்டுச் சராசரி, ஆண்டு மொத்தம், திட்ட விலக்கம், மிக வெப்பமான மாதத்தின் உச்சம், மிக வறண்ட மாதத்தின் மழை என்று எதை எடுத்தாலும், 12 எண்களை எப்படிக் குலுக்கிப் போட்டாலும் விடை மாறாது. காலாண்டைத் தொடும் 8 மாறிகளுக்குத்தான் எந்த மாதத்துக்குப் பக்கத்தில் எந்த மாதம் என்பது முக்கியம். பட்டியலின் வரிசை எண்ணில் சொன்னால், பயோ 8 முதல் 11 வரை (காலாண்டு வெப்பநிலைகள்), பயோ 16 முதல் 19 வரை (காலாண்டு மழையளவுகள்). நான் சரிபார்த்த மூன்று மாறிகளும் அந்த 11-ல் அடங்கியவை. எளிதானவற்றை எடுத்துச் சரிபார்த்ததால், பிழையைப் பார்க்கவே முடியாத மூன்று கண்ணாடிகளைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். 12 காலாண்டுத் தொகைகளையும் கூட்டினால் ஆண்டு மழையைப் போல் மூன்று மடங்கு வர வேண்டும் என்றும் ஒரு சோதனை நிரலில் வைத்திருந்தேன். அதுவும் குலுக்கலில் மாறாது.

பிழை பாதி உலகத்தில் சரியான விடை தந்தது என்பது அதைவிட நுட்பமான விஷயம். தவறிய வரிசையைப் பாருங்கள்: 2 முதல் 9 வரை தொடர்ச்சி அப்படியே இருக்கிறது, 10, 11, 12 சேர்ந்தே இருக்கின்றன. உடைந்த இணைப்புகள் மூன்றுதான்: ஜனவரி-பிப்ரவரி, செப்டம்பர்-அக்டோபர், டிசம்பர்-ஜனவரி. 12 காலாண்டுகளில் 7 ஒழுங்காகவே இருந்தன, 5 போலியானவை. அந்த 5-ல் ஒன்று ஜனவரி, அக்டோபர், நவம்பர் சேர்ந்தது. அப்படி ஒரு பருவம் பூமியில் எங்கும் இல்லை.

இதன் விளைவு அரைக்கோளத்துக்கு அரைக்கோளம் தலைகீழானது. வட அரைக்கோளத்தின் கோடை ஜூன், ஜூலை, ஆகஸ்ட். அது உடையவில்லை, ஆகவே வெப்பமான காலாண்டு அங்கே பெரும்பாலும் சரி. குளிர்காலம் உடைந்தது. தெற்கில் குளிர்காலம் சரி, கோடை உடைந்தது. வெளியிடப்பட்ட அடுக்கிலிருந்து கழித்து வித்தியாச வரைபடம் போட்டபோது, குளிரான காலாண்டுக்கு வடக்கில் மட்டும் நிறம் ஏறியிருந்தது; வெப்பமான காலாண்டுக்குத் தெற்கில் மட்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கண்ணாடிப் பிம்பம் போல இருக்கும். வித்தியாசம் வெப்பமண்டலத்தில் மங்கி, துருவத்தை நோக்கிப் போகப்போக அதிகரித்தது. ஆண்டுக்குள் வெப்பநிலை எவ்வளவு ஏறி இறங்குகிறதோ அவ்வளவு பிழை.

இன்னொரு அடையாளமும் இருந்தது: அந்த வித்தியாசம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தது. குளிரான மூன்று மாதங்கள் அடுத்தடுத்து வரும் இடத்தில், வேறு எந்த மூன்று மாதத்தைச் சேர்த்தாலும் அதைவிடக் குளிர் கிடைக்காது. ஆகவே பிழை எப்போதும் குளிரைக் குறைத்தே காட்டும். மழைக்கு இந்த விதி பொருந்தாது. வருடத்தில் இரண்டு மழைக்காலம் இருக்கும் இடத்தில் இரண்டு உச்சங்களும் தவறாகப் பக்கத்தில் வந்துவிட்டால், உண்மையில் இல்லாத ஒரு பெருமழைக் காலாண்டு முளைத்துவிடும்.

மாதிரி இதைக் காட்டிக்கொடுக்காததிலும் வியப்பில்லை. தவறான குளிர்காலாண்டும் சரியான குளிர்காலாண்டும் ஒன்றோடொன்று நெருங்கிய தொடர்பு உள்ளவை. வடக்கே போனால் இரண்டுமே குறைகின்றன. மாதிரிக்கு அந்தப் போக்கு போதும், எல்லையை அதற்கேற்ப நகர்த்திக்கொள்ளும். எதிர்காலக் காலநிலைக்கான அடுக்குகளைச் சரியான வரிசையில் கொடுக்கும்போதுதான் கணிப்பு கெடும். அப்போது அதைக் காலநிலை மாற்றத்தின் விளைவு என்றே வாசித்திருப்பேன். நினைத்தாலே கவலையாக இருக்கிறது.

திருத்தம் இரண்டு வரி. பெயரிலிருந்து மாத எண்ணைப் பிரித்தெடுத்து எண்ணாக மாற்றி, அந்த எண்ணின்படி வரிசைப்படுத்தி, 1 முதல் 12 வரை ஒவ்வொன்றும் ஒரே ஒருமுறை வருகிறதா என்று பார்த்து, இல்லையென்றால் நிரலை நிறுத்திவிட வேண்டும். சோதனையைத்தான் முழுவதும் மாற்றி எழுதினேன். ஒவ்வொரு கட்டத்திலும் மாத எண்ணையே மதிப்பாகக் கொண்ட 12 சிறிய ராஸ்டர்களை உருவாக்கி, கோப்பாக எழுதி, அசல் தரவு போகும் அதே வழியில் மறுபடி படிக்கிறேன். ஜனவரியில் தொடங்கும் காலாண்டின் தொகை 6 வர வேண்டும், அக்டோபரில் தொடங்குவது 33, நவம்பரில் 24, டிசம்பரில் 15. தவறான வரிசையில் முதல் எண்ணே 22 என்று வந்து நிற்கும். கோப்பாக எழுதிப் படிப்பது முக்கியம். நினைவகத்திலேயே அடுக்குகளை உருவாக்கிச் சோதித்தால் வரிசை கெடும் இடத்தைச் சோதனை தொடவே தொடாது.

வரிசை சரியான பிறகும் இரண்டு மாறிகளில் விசித்திரமான கோடுகள் மிஞ்சின. அதிக மழைக் காலாண்டின் வெப்பநிலை (பயோ 8) வரைபடத்தில், பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள் 10 டிகிரி, 15 டிகிரி என்று துள்ளின. மலையும் இல்லை, கடற்கரையும் இல்லை. இந்த முறை நிரல் தவறவில்லை. வருடத்தில் இரண்டு மழை உச்சங்கள் ஏறக்குறையச் சமமாக இருக்கும் பகுதியில், ஒரு கட்டத்தில் கோடை மழை 2 மி.மீ. அதிகம், அடுத்த கட்டத்தில் குளிர்கால மழை 2 மி.மீ. அதிகம். மழையளவு மாறவில்லை, ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்ட காலாண்டு ஆறு மாதம் நகர்ந்துவிட்டது, வெப்பநிலை அதோடு துள்ளுகிறது. பயோ 8, 9, 18, 19 ஆகிய நான்கும் ஒரு மாறியைக் கொண்டு காலாண்டைத் தேர்ந்து இன்னொரு மாறியை வாசிப்பவை. அதனால்தான் இந்தத் துள்ளல் அவற்றில் வருகிறது, பலர் மாதிரிகளிலிருந்து அவற்றை விலக்கியும் விடுகிறார்கள். சரிசமமான மழை வந்தால் இன்னும் மோசம்: 'சமமானவற்றில் முதலில் வருவது' என்ற விதிப்படி நிரல் ஜனவரிக்கு நெருக்கமான காலாண்டைப் பிடித்துக்கொள்ளும். அதற்குக் காரணம் எண்ணுதல் ஜனவரியில் தொடங்குவது மட்டும்தான், வானிலைக்கு அதில் பங்கில்லை. மழையே இல்லாத பாலைவனத்தில் வறண்ட காலாண்டு என்பது முழுக்க முழுக்க இந்தத் தற்செயலால் முடிவாகிறது.

இந்த நான்கையும் கண்மூடி ஒதுக்க எனக்கு மனமில்லை. ஒரே மழைக்காலம் உள்ள பகுதியில் 'மழை பெய்யும்போது எவ்வளவு வெப்பம்' என்பது தாவரத்துக்கு மிக அர்த்தமுள்ள கேள்வி. ஆகவே கூடுதலாக ஓர் அடுக்கு கணக்கிடுகிறேன்: முதலிடம் பெற்ற காலாண்டுக்கும், அதோடு மாதம் எதையும் பகிராத அடுத்த பெரிய காலாண்டுக்கும் உள்ள மழை வித்தியாசம். அந்த வித்தியாசம் ஆண்டு மழையில் மிகச் சிறிய பங்காக இருக்கும் கட்டங்களில் பயோ 8-ஐ நம்புவதில்லை. தேர்ந்த காலாண்டின் தொடக்க மாதத்தையும் தனி அடுக்காகச் சேமிக்கிறேன். அதை வேறு துல்லியத்துக்கு மாற்றும்போது அருகிலுள்ள கட்டத்தின் மதிப்பைத்தான் எடுக்க வேண்டும். இருநேர்கோட்டு இடைக்கணிப்பு (சுற்றியுள்ள கட்டங்களின் எடையிட்ட சராசரி) செய்தால் 12-க்கும் 2-க்கும் நடுவில் 7 என்று சொல்லும்; டிசம்பருக்கும் பிப்ரவரிக்கும் நடுவில் ஜூலை. பயோ 8-க்கும் இதே ஆபத்து உண்டு: 8 டிகிரியும் 24 டிகிரியும் கலந்து 16 ஆகும், அந்த இடத்தில் எந்த மழைக்காலத்திலும் இல்லாத வெப்பநிலை. மாத அடுக்குகளை முதலில் புதிய கட்டமைப்புக்கு மாற்றிவிட்டு அப்புறம் காலாண்டைக் கணக்கிடுவதே சரி.

ஒப்பிடும்போது ஒரு சின்ன எச்சரிக்கை: டிஸ்மோவின் பயோவார்ஸ், மழையின் மாறுபாட்டுக் கெழுவை (திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்தது) கணக்கிடுமுன் ஒவ்வொரு மாத மழையோடும் 1 கூட்டுகிறது, சராசரி மழை மிகக் குறைவான இடங்களில் விசித்திரமான மதிப்புகள் வராமலிருக்க. வறண்ட பகுதிகளில் உங்கள் சொந்தக் கணக்கோடு இது பொருந்தாவிட்டால் காரணம் இதுவாக இருக்கலாம்.

வேலையின் இரண்டாவது பாகம் ஆண்டு வாரியான பருவத் தொடர். நீண்டகாலச் சராசரி போதாது, ஒவ்வொரு வருடத்துக் குளிர்காலமும் தனியாக வேண்டும். இதற்கு ஈஆர்ஏ5-லேண்ட் என்ற உலகளாவிய நிலப்பரப்புக் காலநிலைத் தொகுப்பின் மாதத் தரவைப் பைத்தானில் எக்ஸ்அரே என்ற நிரல் தொகுப்பைக் கொண்டு எடுத்தேன், 0.1 பாகைக் கட்டங்கள், 1950 முதல். வெப்பநிலை கெல்வினில் இருப்பது எல்லோருக்கும் தெரியும். மழைதான் ஏமாற்றும்: அலகு மீட்டர், அதுவும் மாத மொத்தம் அல்ல, நாளொன்றுக்கான சராசரி. 0.004 என்று இருந்தால் 1000-ஆல் பெருக்கி 4 மி.மீ., ஜூலையானால் 31-ஆல் பெருக்கி 124 மி.மீ. நாட்களைத் தரவின் தேதியிலிருந்தே எடுக்க வேண்டும். எல்லா மாதத்துக்கும் 30 என்று போட்டால் பிப்ரவரி வீங்கிவிடும்.

இங்கேயும் டிசம்பர்தான் சிக்கல். வருடத்தையும் பருவத்தையும் சாவியாக வைத்துத் தொகுத்தால், 1997 என்ற வருடத்தின் குளிர்காலத்தில் 1997 ஜனவரி, பிப்ரவரியோடு 1997 டிசம்பர் சேரும். நடுவில் ஒன்பது மாத இடைவெளி. இதை வெறும் கணக்குப் பிசகு என்று விட முடியாது. 1997-98 எல் நினோ (பசிபிக் கடலின் மேற்பரப்பு வழக்கத்தைவிட வெப்பமாகும் நிலை) மிக வலுவானது. 1998-ன் நடுவிலிருந்து அதற்கு நேர்மாறான லா நினா நிலை உருவானது. சரியான குளிர்காலம் டிசம்பர் 1997, ஜனவரி 1998, பிப்ரவரி 1998. தவறான தொகுப்பில் எல் நினோவின் டிசம்பர் அதற்கு முந்தைய அமைதியான இரண்டு மாதங்களோடு போய்விடும். எல் நினோவின் ஜனவரியும் பிப்ரவரியும் லா நினாவின் டிசம்பரோடு சேரும். தேடிவந்த சமிக்ஞையை நாமே இரண்டாகக் கிழித்து எதிரெதிரானவற்றோடு கலந்துவிடுகிறோம். எக்ஸ்அரேயில் காலாண்டுகளை டிசம்பரிலிருந்து தொடங்கச் சொல்லி மறுகூறெடுத்தால் (தொடரை அந்தத் துண்டுகளாகப் பிரித்துத் தொகுத்தால்) இந்தச் சிக்கல் தீரும். பருவப் பெயரால் மட்டும் தொகுத்தால் நான்கு பருவங்களும் காலவரிசையில் வராமல், மாதங்களின் ஆங்கில முதலெழுத்துகளால் ஆன பெயரின் (DJF, JJA, MAM, SON) அகரவரிசையில் வரும் என்பதையும் கவனியுங்கள். குளிர்காலத்துக்கு அடுத்து கோடை வந்து நிற்கும், வசந்தம் அதற்குப் பிறகுதான்.

தொடரின் இரு முனைகளிலும் முழுமையடையாத குளிர்காலம் இருக்கும். முதலில் ஜனவரி, பிப்ரவரி மட்டும். கடைசியில் டிசம்பர் மட்டும். கூட்டும்போது குறைந்தது மூன்று மதிப்புகள் இருந்தால்தான் விடை, இல்லையென்றால் வெற்று என்று ஒரு நிபந்தனை வைத்தேன். அதே நிபந்தனை இன்னொரு பிழையையும் பிடித்தது. வெற்று மதிப்புகளைத் தவிர்த்துக் கூட்டச் சொன்னால், எல்லாமே வெற்றாக உள்ள கட்டத்துக்குக் கூட்டுத்தொகை 0 என்று வரும். ஆர் மொழியிலும் அப்படித்தான், எக்ஸ்அரேயிலும் அப்படித்தான். கடல் முழுவதும் மழையே இல்லாத பாலைவனமாகிவிடும். அப்புறம் பகுதிச் சராசரி எடுத்தால் கடலோரப் பகுதிகள் எல்லாம் வறண்டு தெரியும். அந்தச் சராசரியை எடுக்கும்போது கட்டத்தின் பரப்பையும் எடையாகச் சேர்க்க வேண்டும். 60 பாகை அட்சரேகையில் ஒரு கட்டத்தின் அகலம் நிலநடுக்கோட்டில் இருப்பதில் பாதிதான்.

கடைசியாக எனக்கு உண்மையிலேயே புதிதாக இருந்த ஒன்று. ஒவ்வொரு வருடத்துக்கும் அதிக மழைக் காலாண்டைக் கண்டு அவற்றின் சராசரி எடுப்பதும், மாதச் சராசரிகளிலிருந்து ஒரே ஒரு அதிக மழைக் காலாண்டைக் காண்பதும் ஒன்றல்ல. ஒரு வருடம் முதல் மழைக்காலத்தில் 400 மி.மீ., இரண்டாவதில் 200. அடுத்த வருடம் அப்படியே மாறி 200, 400 என்று வைத்துக்கொள்வோம். வருடவாரி வழியில் விடை 400. சராசரி வழியில் இரண்டு காலமும் 300, விடை 300. முதல் வழியின் விடை இரண்டாவதைவிட ஒருபோதும் குறையாது. பருவம் வருடத்துக்கு வருடம் எவ்வளவு நகர்கிறதோ அவ்வளவுக்கு இடைவெளி விரியும். ஆகவே நிகழ்கால அடுக்கைச் சராசரி வழியிலும் எதிர்கால அடுக்கை வருடவாரி வழியிலும் கணக்கிட்டு ஒப்பிட்டால், மழை கூடிவிட்டது என்று ஒரு பொய்யான முடிவு கிடைக்கும். நான் இரண்டையுமே சராசரி வழியில் வைத்துக்கொண்டேன். வெளியிடப்பட்ட அடுக்குகளோடு ஒப்பிட முடிவது அந்த வழியில்தான்.

இதையெல்லாம் 30 விநாடித் துல்லியத்துக்கு (பாகையின் ஒரு நிமிடத்தில் பாதி) கொண்டுபோனபோது ஓர் அடுக்கில் 93.3 கோடி கட்டங்கள் ஆயின. ஒரு கட்டத்துக்கு 4 பைட் என்றால் ஒரு மாறியின் 12 மாதங்களுக்கு மட்டும் 44.8 ஜிபி. டெர்ரா துண்டு துண்டாகப் படித்துக் கணக்கிடும் என்பதால் சாதாரணக் கணினியிலேயே ஓடியது, இரவு முழுவதும். காலையில் முதலில் திறந்தது குளிரான காலாண்டின் வித்தியாச வரைபடம். கரையோரத்தில் சில கட்டங்களைத் தவிர வடக்கும் தெற்கும் ஒரே வெள்ளையாக இருந்தன.